ஒரு கண்ணும் ஒரு தட்டு மண்ணும்

எனக்கு வேலை செய்கிற கண் ஒன்றுதான். வலது கண் சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அது சொல்லும். இடது கண்ணை வைத்துக்கொண்டுதான் படித்தேன், கணித டீச்சரானேன், வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து விளையாடியவர்களைப் பிடித்தேன், பென்ஷனும் எடுத்தேன். அந்தக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது என்று சொன்ன நாளில், இரண்டு கண் உள்ளவர்கள் பயப்படுவதைவிட நான் கூடுதலாகப் பயந்தேன். அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கண் ஆபரேஷன் என்றால் வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வலி பெரிதாக இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் நாம் செய்கிற வேலைதான் ஆபத்து. எனக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்தால், என் போன்ற ஒருத்தியாவது தப்புவாள்.

முதலில் வந்தது மங்கல். திகனை பஸ் ஸ்டாண்டில் போர்டைப் படிக்க முடியாமல் கண்டக்டர் சத்தம் போடும்வரை காத்திருந்தேன். இரவில் எதிரே வரும் வாகன லைட்டெல்லாம் பூவாக விரிந்தது. கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று ஒரு வருடத்தை வீணாக்கினேன். கடைசியில் என் கணவர் சலீம்தான் பிடித்து இழுத்துக்கொண்டு கண்டிக்குப் போனார். அவருக்கு திகனைக் கடைவீதியில் ஹார்ட்வெயார் கடை. ஆணியும் பெயின்டும் கம்பிவலையும் விற்கிற மனிதர். பேச்சு குறைவு, செயல் அதிகம். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கமாட்டார், கொண்டுவந்து வைத்துவிடுவார்.

கண் கிளினிக் என்றால் காத்திருப்பு. நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் உட்கார வேண்டும், கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், அது வேலை செய்யும்வரை இன்னொரு வாங்கு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்போம். பார்ப்பதற்கு ஏதோ கூட்டுத் தொழுகைபோல இருக்கும். அங்கேதான் எனக்குரிய டொக்டரைச் சந்தித்தேன். இளம் சிங்களப் பெண், மெல்லிய குரல். ஒரே கண் என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நான் சிங்களம் ஓரளவு விளங்கிக்கொள்வேன், சலீம் சரளமாகப் பேசுவார். டொக்டர் சொன்னதை அவர் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார்: "இன்னம் தள்ளிப் போட ஏலாதாம். ஒரு கண் தானே, அதனால கூடக் கவனமா செய்வாங்களாம்."

ஆபரேஷன் முடிய அதிக நேரம் எடுக்கவில்லை. கண்ணை மரக்கவைத்திருந்தார்கள். மேலே ஒரு பெரிய வெளிச்சம், அதற்குள் கலர் கலராகத் தண்ணீர் அசைகிற மாதிரி ஏதோ, பக்கத்தில் ஒரு மெஷினின் ரீங்காரம். கண்ணின் கறுப்புக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, அதன் வழியாகப் பழைய லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த புது லென்ஸை உள்ளே விட்டு விரியவைப்பார்களாம். நான் நினைத்திருந்தது பிறகு தையல் போடுவார்கள் என்று. போடுவதில்லை. அந்த வெட்டைச் சரிவாக, கதவு நிலையில் கதவு பொருந்துவதுபோல வெட்டுகிறார்கள். கண்ணுக்குள் உள்ள நீரின் அழுத்தமே உள்ளிருந்து தள்ளி அதை மூடிவிடும். மூடுவது உறுதியாக இருக்க, ஓரங்களுக்குள் கொஞ்சம் உப்புநீர் செலுத்தி ஊதவைப்பார்கள். பிறகு ஒரு பஞ்சு முனையால் தொட்டு ஈரம் வருகிறதா என்று பார்ப்பார்கள். டொக்டர் அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ந்திருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் கட்டிலுக்கு வந்தேன்.

கட்டுப் போட்டிருந்தபோது உலகம் எனக்கு ஒரு ஜன்னல் அளவு வெளிச்சம் மட்டும்தான். நர்ஸ் மிஸ்ஸி மாத்திரை கொடுத்தால் கையைத் தடவித்தான் எடுத்தேன். இப்படியே நின்றுபோனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன், யோசித்ததை நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பார்வதி அக்கா இருந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், ஆனால் மற்றக் கண் நல்லது. சோற்றை என் கையில் எடுத்துத் தந்தவர் அவர்தான்.

"ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டா டீச்சர் இவ்வளவு நாளும் பாடம் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பிள்ளைகளுக்குத் தெரியாது" என்றேன்.

"அதான் பயந்து படிச்சிருக்குங்க" என்றார். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது சலீமின் சட்டைக் காலரில் இருந்த கிழிசல். இந்தச் சட்டையோடா நீங்கள் கடையில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். டொக்டர் விளக்குக் கருவியின் முன்னால் என் தாடையை வைக்கச் சொல்லி, செம்மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதத் துண்டைக் கண்ணின் ஓரத்தில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டார். காயம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை இது. கண்மேல் பரவிய சாயம் அந்த நீலத்தில் அடர்த்தியாகத் தெரியும். உள்ளிருந்து நீர் வந்தால், அது சாயத்தைக் கரைத்துக்கொண்டு பச்சையாகப் பளிச்சென்று ஓடை மாதிரி வழியும். எனக்கு ஓடவில்லை. ஒரே கண் என்பதால்தான் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதாக டொக்டர் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை எல்லோருக்கும் சொல்வதுதான். முகத்துக்குத் தண்ணீர் படக்கூடாது. கண்ணைக் கசக்கக்கூடாது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட வேண்டும். படுக்கும்போது பிளாஸ்டிக் மூடியைக் கட்ட வேண்டும். நான் ஒன்றையும் மீறவில்லை. ஆசிரியை என்பதால் சொன்னதைச் செய்கிற பழக்கம் எனக்கு அதிகம். சொட்டு மருந்து விடுவது சலீமின் வேலை. கடையிலிருந்து ஓடிவந்து, கையை சவர்க்காரம் போட்டுக் கழுவி, என் இமையைப் பூப்போல இழுத்து விடுவார். மகள் ரிஸ்மியா விட்டால் கன்னத்தில்தான் விழும்.

தொழுகைக்குத்தான் யோசனை. நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதுக்குக் குனிய முடியாது, அது பெரிய விஷயமில்லை, கதிரையில் உட்கார்ந்து தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டேன். தொழுமுன் கை, முகம், கால் கழுவும் வுழூதான் பிரச்சினை. முகத்தைக் கழுவாமல் வுழூ ஏது? தண்ணீர் ஆகாதவர்களுக்கு தயம்மும் என்ற முறை இருக்கிறது. சுத்தமான மண்ணில் இரு உள்ளங்கைகளையும் அடித்து, ஊதிவிட்டு, முகத்தைத் தடவ வேண்டும், பிறகு மீண்டும் அடித்து கைகளைத் தடவ வேண்டும். சின்ன வயதில் மத்ரஸாவில் படித்தது. யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் ஏன் கேட்க வேண்டும்?

நான் சொல்லி வாய் மூடுமுன் சலீம் மண் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்குப் பின்னால் மிதிபடாத இடத்தில் தோண்டி, வெயிலில் காயவைத்து, கடையில் இருந்த வலைகளிலேயே மெல்லிய வலையால் அரித்திருந்தார். கொத்தனார் பூச்சு மணலுக்குக்கூட அவ்வளவு மெல்லிய வலை கேட்கமாட்டான். ஒரு கல் இல்லை, ஒரு வேர் இல்லை. எனாமல் தட்டில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி போட்டு மூடி, தொழும் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"கல்லு கில்லு கையில குத்தப்படா, அதான் அரிச்ச" என்றார்.

விரல் வைத்துப் பார்த்தேன். கோதுமை மா மாதிரி இருந்தது. இப்படி ஒரு மனிதர் எனக்குக் கிடைத்தாரே என்று மனம் நிறைந்தது. அந்தத் தட்டில் கையை அடித்து, ஊதி, பிஸ்மி சொல்லி, நெற்றியிலிருந்து தாடைவரை முகத்தைத் தடவினேன். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் அப்படித்தான் செய்தேன்.

சில நாள் கழித்து பார்வையில் ஒரு தளும்பல் தெரிந்தது. நேர்க்கோடுகள் சற்று நெளிந்தன. ஆறிவரும் கண் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சலீம்தான் வேறு ஒன்றைக் கண்டார். நான் தொழுதுவிட்டு எழுந்தபோது, முக்காட்டின் இடது ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன ஈரம்?"

"கண் கொஞ்சம் கசியுது போல."

"நீங்க முகத்துக்குத் தண்ணி வெக்கிறல்ல தானே. நேத்தும் இந்த இடம் நனஞ்சி ஈந்த. அப்ப இந்த ஈரம் எங்க ஈந்து வார?"

அழுதிருப்பேன் என்றேன். நீங்கள் அழுகிற ஆளில்லையே என்றார். அதற்குள் அவர் கூப்பிட்ட த்ரீவீல் வாசலுக்கு வந்துவிட்டது. தென்னகும்புர பாலம் தாண்டிக் கண்டிக்குப் போனோம். நான் தெரிந்த குர்ஆன் சூறாக்களையெல்லாம் ஓதிக்கொண்டே போனேன்.

டொக்டர் அதே காகிதத் துண்டைத் தொட்டு, அதே நீல வெளிச்சத்தைப் போட்டார். இந்த முறை உடனே நிமிரவில்லை. கருவியோடு ஒரு திரை பொருத்தியிருந்தது, அதைச் சலீம் பக்கம் திருப்பினார். என்னால் பார்க்க முடியாது, என் கண்தானே அதில் இருக்கிறது. அவர் மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. பச்சையாக ஒரு கோடு கண்ணின் ஓரத்திலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்ததாம். சலீம் பிறகு சொன்னார்.

டொக்டர் பயமுறுத்தாமல் விளக்கினார். உள்நீர் வெளியே போவதால் கண் மெதுமெதுவென்று தளர்ந்திருக்கிறது, அதனால்தான் கோடுகள் நெளிகின்றன. நீர் வெளியே போவது பாதிப் பயம்தான். நீர் போகிற வழியால் கிருமி உள்ளே வரலாம், அதுதான் முழுப் பயம். உள்ளே தொற்று வந்தால் பார்வையைக் காப்பாற்றுவது கஷ்டம். எனக்கு இன்னொரு கண் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"அம்மே, கண்ணைக் கசக்கினீர்களா?"

"இல்லை" என்றேன், உறுதியாக.

"தண்ணீர் பட்டதா? விழுந்தீர்களா? இடித்துக்கொண்டீர்களா?"

எல்லாவற்றுக்கும் இல்லை. அது பொய்யும் இல்லை. தொழுகைக்கு முகம் தடவுவது கசக்குவது என்று என் புத்தியில் ஏறவே இல்லை. டொக்டர் மறுபடி குனிந்து பார்த்தார். அன்று ஆபரேஷன் மேசையில் காய்ந்திருந்த காயம், மறுநாள் சாயத்துக்கும் தாங்கிய காயம், எப்படித் திறந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு பஞ்சு முனையால் என் இமை மயிரின் அடியில் எதையோ ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது மண். இவ்வளவு மெல்லிய மண் கண்ணுக்கு எப்படி வந்தது?"

நான் வாயைத் திறக்கும் முன் சலீம் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் கூடாது என்று சொன்னதால் மண் என்று. எப்படித் தடவுவது என்று தன் முகத்தில் தடவிக் காட்டினார். நெற்றியிலிருந்து தாடைவரை, இரண்டு கைகளாலும், கண்களுக்கு மேலால். காட்டிக்கொண்டிருக்கும்போதே கை பாதியில் நின்றுவிட்டது. "நான்தான் அரித்துக் கொடுத்தேன்" என்று முடித்தார்.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிறோம், அதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை என்று மட்டும் சொன்னார். அந்த டொக்டர் பிள்ளைக்கு அல்லாஹ் நல்லதைக் கொடுக்கட்டும்.

மறுபடியும் ஆஸ்பத்திரி வாட்டு. கண்ணைக் கழுவி, கிருமி மருந்தை அடிக்கடி விட்டு, காயத்தின் மேல் கட்டுப்போல இருக்க ஒரு மெல்லிய வில்லையைக் கண்மேல் வைத்தார்கள். தானாக மூடிக்கொள்கிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் தையல் என்றார்கள். தொற்று வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை விளக்கைப் போடும்போதும் நான் டொக்டரின் மூச்சைத்தான் கவனித்தேன். வலி கூடினால் சொல்ல வேண்டும் என்றார்கள். வலி கூடுகிறதா இல்லையா என்று யோசித்தே தலை வலித்தது.

ரிஸ்மியா மௌலவியிடம் போனில் கேட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "ராத்தா, தடவினா கெடுதி வாற இடத்தத் தடவத் தேவல்ல. அந்த இடத்த விட்டுட்டு மத்த இடத்தச் செஞ்சா போதும். கண்ணக் கெடுத்துக்கிட்டு தொழச் செல்லி யாரும் செல்ல இல்ல" என்றார். ஒரு போன் அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

சலீம் தினமும் வந்தார். ரிஸ்மியா கட்டிக் கொடுத்த சோற்றையும் பாற்சொதியையும் கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போகச் சொன்னால் போவார். ஆனால் சொட்டு மருந்தை மட்டும் தொடவில்லை. "மிஸ்ஸி விடட்டும்" என்பார். ஒரு நாள் மிஸ்ஸிக்கு வேலை அதிகம், நீங்களே விடுங்கள் என்று சலீமின் கையில் குப்பியைக் கொடுத்துவிட்டுப் போனார். சலீம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசியில் குப்பியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய், மிஸ்ஸி வரும்வரை கொரிடோரில் நின்றார். எனக்கு அவர்மேல் கோபம் கொஞ்சமும் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய வாய், அந்த இடத்தில் உதவவில்லை.

வில்லையை எடுத்துப் பார்த்தபோது கசிவு நின்றிருந்தது. நான் மூட்டையைக் கட்டலாம் என்று நினைத்தேன். டொக்டர் அவசரப்படவில்லை. சும்மா இருக்கும்போது காய்ந்திருக்கும் காயம், கொஞ்சம் அழுத்தினால் கசியலாமாம். மனிதன் இருமுவான், தும்முவான், தூக்கத்தில் கை படும், அதைத் தாங்கினால்தான் மூடியது என்று அர்த்தம். பஞ்சு முனையால் காயத்துக்குப் பக்கத்தில் மெதுவாக அழுத்தினார். பச்சை ஓடியது. ஆக, தையல்தான். ஒரே ஒரு தையல், தலைமயிரைவிட மெல்லிய நூலில். அன்றைக்கே போட்டார்கள். அதன்பின் அழுத்தியும் கசியவில்லை. தொற்றும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன்.

அதோடு முடியவில்லை. சில வாரம் கழித்துத் தையலை எடுக்க வேண்டும், எடுத்தபின் காயம் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை சலீம் கடையில் இருந்தாலும் அவர் மனம் கடையில் இல்லை என்று ரிஸ்மியா சொன்னாள். ஒருவர் சல்லடை வலை கேட்டு வந்தாராம். இல்லை என்று அனுப்பிவிட்டாராம். வலையோ கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

தையல் எடுத்த அன்று திரையை மறுபடி அவர் பக்கம் திருப்பச் சொல்லி நான்தான் டொக்டரிடம் கேட்டேன். சாயம், நீல வெளிச்சம். டொக்டர் பஞ்சு முனையால் அழுத்தினார்.

"ஒன்றும் ஓடவில்லை" என்றார் டொக்டர்.

"இன்னும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்" என்றார் சலீம். அவருடைய சிங்களம் அன்று அவ்வளவு சரளமாக இல்லை.

டொக்டர் மறுபடி அழுத்தினார். அதன்பிறகு, கேட்காமலேயே, இன்னொரு முறையும் அழுத்திக் காட்டினார். இனிக் கொஞ்ச நாளில் முகம் கழுவலாம், கசக்காமல் இருந்தால் சரி என்றார். எந்த நாளிலிருந்து என்றும் சொன்னார்.

அந்த நாள் வந்தபோது, மாலை அஸர் தொழுகைக்கு முன் நான் பின்கட்டுக் குழாயடிக்குப் போனேன். சுவரோரத்தில் மண் வைத்த எனாமல் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது, கழுவித் துடைத்து. சலீம் வாசலில் நின்றார். கிட்டவும் வரவில்லை, போகவும் இல்லை. குழாயைத் திறக்காமல், மூக்கு வைத்த கெண்டியை நிரப்பி அவரிடம் நீட்டினேன்.

"நீங்க ஊத்துங்க" என்றேன்.

"நான் வேணாம்."

"எனக்கு நீங்கதான் ஊத்தணும்."

வாங்கினார். முதல் தண்ணீர் என் காலில் விழுந்தது. பிறகு என் உள்ளங்கையில் சரியாக விழுந்தது. கண்ணை இறுக்காமல் மூடி, முகத்தை நனைத்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் தண்ணீர். மற்றவற்றையும் முடித்து நிமிர்ந்தபோது அவர் துவாயை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, வெயில் முகத்தில் படும்படி நின்றேன். அவருக்கு விளங்கியது. கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, கிட்ட வந்து, ஈரம் வருகிறதா என்று என் இடது கண்ணின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் இருந்த நீர் காய்ந்தது. நெற்றி காய்ந்தது. பாங்கு முடிந்து, பள்ளிவாசலில் தொழுகை தொடங்கும் இகாமத்தும் சொல்லிவிட்டார்கள். அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடியில் ஒவ்வொரு மயிரும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"காஞ்சிட்டு" என்றார்.